தோட்டத்துக்கு எந்த நாய்? பேரைப் பார்த்துக் கடன் கொடுக்காதீங்க!

"சார், தோட்டத்துக்கு ராட்வீலர் நல்லதா, கோம்பை நல்லதா?"

நம் மாதக் கூட்டங்களில் மண்புழு உரம், பாரம்பரிய நெல், விலை எல்லாம் பேசி முடித்துத் தேநீர் கையில் வாங்கியதும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. நகரத்து வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கியவர்கள் கட்டாயம் கேட்கிறார்கள். மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள், கோழியைக் காணோம், இரவில் தோட்டத்தில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது. அவர்கள் கவலை நியாயமானதுதான். உடனே கைபேசியில் நாலு வீடியோ பார்த்து, எந்த நாய்க்கு முரட்டுப் பேர் அதிகமோ அதைத் தேடிப் போகிறார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் விவசாயக் கடன் பிரிவு. ஒரு ஆள் கடன் கேட்டு வந்தால் அவர் ஊரில் எவ்வளவு பெரிய மனுஷர் என்று பார்க்க மாட்டோம். எதற்குக் கடன், அந்த வேலைக்கு இவர் ஏற்றவரா, திருப்பிக் கட்ட வழி இருக்கா, கட்டாமல் போனால் நஷ்டம் யார் தலையில் விழும் என்றுதான் பார்ப்போம். நாய்க்கும் அதே கணக்குதான். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலையைச் சொல்லுங்கள்

எங்கள் நாலு ஏக்கர் பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெல், வேர்க்கடலை, கொஞ்சம் காய்கறி, ஆடு, நாட்டுக்கோழி. இப்படி ஒரு தோட்டத்தில் நாய்க்கு உண்மையில் என்ன வேலை?

ஒன்று, ஆள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு, கீரி, காட்டுப்பூனை, பெருச்சாளி இவற்றிடமிருந்து கோழியையும் கடலையையும் காக்க வேண்டும். மூன்று, ஊர் சுற்றும் நாய்க்கூட்டம் ஆட்டுப் பட்டியில் நுழையாமல் பார்க்க வேண்டும். நான்கு, நம் கோழியையும் ஆட்டையும் அது தின்னக் கூடாது.

இந்த நாலில் எதற்காவது ஒரு மனிதரைக் கடித்துக் குதற வேண்டிய அவசியம் உண்டா? இல்லை. திருட வருகிறவன் இருட்டையும் சத்தமின்மையையும் நம்பி வருகிறான். குரல் கேட்டு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவான். திட்டமிட்டு நாலு பேர் வண்டியோடு வந்தால் எந்த இன நாயாலும் முழுசாகத் தடுக்க முடியாது. அதற்கு வேலி, வெளிச்சம், அக்கம்பக்கத்து உறவு மூன்றும் வேண்டும்.

அயல்நாட்டு முரடர்களின் கதை

ஒவ்வொரு இனமும் ஏதோ ஒரு வேலைக்காக மனிதர் உருவாக்கியது. அந்த வேலை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ராட்வீலர், ஜெர்மனியில் ராட்வீல் என்ற ஊரின் பெயரால் வந்தது. கசாப்புக்காரர்களின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்பட்ட நாய். வளர்ந்த ஆண் நாய் சுமார் 50 கிலோ இருக்கும். கறுப்பு உடம்பு. நம் கடலோரப் புழுக்கத்தில் மே மாதம் மத்தியானம் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. ஆயுளும் சராசரியாக 8 முதல் 10 வருஷம்தான்.

டோபர்மான், அதே ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. உருவாக்கிய லூயிஸ் டோபர்மான் வரி வசூல் செய்தவர் என்பார்கள். பணப்பையோடு ஊர் ஊராகப் போகும்போது துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று வளர்த்தாராம். கடன் வசூலுக்கு ஊர் ஊராக அலைந்தவன் என்ற முறையில் அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது! ஆனால் அது எஜமானின் பக்கத்திலேயே இருக்கப் பிறந்த நாய். தோட்டத்து மூலையில் கட்டிப்போட அல்ல.

பிட்புல்லின் வரலாறு வேறு. இங்கிலாந்தில் காளையையும் கரடியையும் கட்டிவைத்து நாயை ஏவிவிடும் 'விளையாட்டு' இருந்தது. 1835-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். பிறகு நாயோடு நாயை மோதவிடுவது மறைவாகப் பெருகியது. அந்த வம்சத்தில் வந்தது இது. பிடித்தால் விடாத குணத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. ஆடு கோழி இருக்கும் தோட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

கங்கால் என்று துருக்கியில் ஒரு நாய். ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காப்பது. நமீபியா நாட்டில் சிவிங்கிப்புலி இனத்தைக் காக்கும் அமைப்பு ஒன்று 1994 முதல் இந்த வகைக் காவல் நாய்களை ஆடு வளர்ப்போருக்குக் கொடுத்து வருகிறது. நாய் ஆட்டைக் காக்கிறது. ஆடு பிழைத்தால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுடுவதில்லை. இரண்டு உயிரும் மிஞ்சுகிறது. ஆனால் அந்த நாய் குட்டியிலிருந்தே ஆட்டோடு படுத்து, ஆட்டோடு நடந்து வளர்ந்தது. அதையே கொண்டுவந்து சென்னையில் ஒரு அடுக்குமாடியில் பூட்டிவைத்தால் என்ன ஆகும்?

நம் மண்ணின் பெயர் பெற்றவை

ராஜபாளையம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. ஒரு ஆளோடு, ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். புது ஆளை லேசில் ஏற்காது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வருவதுண்டு. வாங்கும்போது குட்டிக்குப் பின்னால் நின்று, மற்ற குட்டிகளை விலக்கி, கை தட்டிப் பாருங்கள்.

கோம்பை, தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்து ஊர்ப் பெயர். செவலை நிறம், கருவாய், இறுகிய உடம்பு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது. நாலு இனங்களில் காவலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பிடிவாதக்காரன். முதல்முறை நாய் வளர்ப்பவர் கையில் அடங்காது.

சிப்பிப்பாறையும் கன்னியும் நெருங்கிய சொந்தம். ஒல்லி உடம்பு, நீண்ட கால், கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் ஓட்டக்கார நாய்கள். முயல் வேட்டைக்கு வைத்திருந்தவை. கறுப்பில் பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி என்பார்கள். இவற்றைக் காவல் நாய் என்று விற்கிறார்கள். குரைக்கும், உண்மைதான். ஆனால் ஓடுகிற எதைப் பார்த்தாலும் துரத்துவதுதான் அதன் ரத்தத்தில் இருப்பது. உங்கள் கோழியும் ஓடும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் ஓடும். முயலை விரட்டிப் பிடிக்கவிட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த நாலு பெயரையும் சொன்னார். நம் இனங்கள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாட்டு மாட்டையும் நாட்டு நெல்லையும் காக்கிற நாம் நாட்டு நாயையும் காக்கத்தான் வேண்டும். ஆனால் பாரம்பரிய நெல்லிலும் எல்லா ரகமும் எல்லா மண்ணுக்கும் ஏற்றதில்லையே? களர் நிலத்துக்கு ஒன்று, பள்ளக்காலுக்கு ஒன்று என்று பிரித்துத்தானே போடுகிறோம்?

தடை போட்டார்கள், எடுத்தார்கள்

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 வகை நாய்களை மனித உயிருக்கு ஆபத்தானவை என்று சொல்லி, இறக்குமதி, வளர்ப்பு, விற்பனையைத் தடுக்க மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர் மட்டுமல்ல, மேலே சொன்ன கங்காலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தமிழகக் கால்நடைத் துறையும் தடை என்று அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அந்த வருஷக் கடைசியில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லை என்று தீர்மானம் போட்டது.

வெளிநாட்டிலும் இதே இழுபறிதான். இங்கிலாந்து 1991-இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது. பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் நாட்டில் 1993 முதல் பிட்புல்லுக்குத் தடை இருந்தது. கடி குறையவில்லை என்று 2008-இல் விலக்கிக்கொள்ள முடிவெடுத்தார்கள்.

2022-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் குணம் பற்றிக் கேட்டு, 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். மீதி வளர்ப்பு, சூழல், அந்தந்த நாயின் தனிக்குணம்.

அதற்காக எல்லா நாயும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. 15 கிலோ நாய் கோபப்பட்டால் தையலோடு போகும். 50 கிலோ நாய் கோபப்பட்டால் உயிரோடு போகலாம். குணத்தை இனம் முடிவு செய்வதில்லை. ஆனால் தப்பு நடந்தால் நஷ்டம் எவ்வளவு என்பதை உடம்பும் தாடையும் முடிவு செய்கின்றன. வங்கி மொழியில் சொன்னால், வாராக்கடன் ஆகும் வாய்ப்பு வேறு, ஆனால் போகும் தொகை வேறு. இரண்டையும் பார்க்கணும்.

ஏரிக்கரையில் யார் நடக்கிறார்கள்?

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. கரை நெடுகக் குப்பங்கள். இரவு பாட்டுக்குப் போனவர்கள் விடியற்காலை இருட்டில் வலையோடு திரும்புவார்கள். பெண்கள் மடவையும் இறாலும் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு முதல் பஸ் பிடிக்க ஓடுவார்கள். இருளர் பெண்கள் பறியை எடுத்துக்கொண்டு கையாலேயே இறால் தடவப் போவார்கள். இவர்கள் எல்லோரும் நடப்பது நம் வேலி ஓரத்து வரப்பில். நாமெல்லாம் நிலம் வாங்குவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே அது அவர்கள் பாதை.

இவர்கள் வழிப்போக்கர்கள் மட்டுமல்ல. நம் மீன் அமிலத்துக்குக் கழிவு கொண்டுவந்து தருவது இந்தப் பெண்கள்தான். நெல் வயலில் எலி பிடித்துத் தருவது இருளர்கள்தான். மருந்து வைக்காமல் எலியைக் கட்டுப்படுத்த இயற்கை விவசாயிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு இளைஞர் நிலம் வாங்கினார். நல்ல பையன், உழைப்பாளி. பாதுகாப்புக்கு என்று ஒரு ராட்வீலர் கொண்டுவந்தார். பகலெல்லாம் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவது. ஒரு விடியற்காலை அது கேட்டுக்கு அடியில் மண்ணைப் பறித்து வெளியே வந்து, கூடையோடு போன ஒரு அம்மாவின் தொடையைக் கவ்விவிட்டது. கூடையில் மீன் வாசனை, இருட்டு, பயந்து ஓட்டம். நாய்க்கு வேறென்ன வேண்டும்? தடுப்பூசி, காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி, தையல். மூன்று வாரம் அவர் தொழிலுக்குப் போகவில்லை. செலவை அந்தத் தம்பி ஏற்றுக்கொண்டார்.

பணத்தோடு முடியவில்லை. குப்பத்தில் கூடிப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடிபட்ட அம்மா கேட்டார்:

"இன்னா சார், அது திருடனுக்கு வெச்ச நாயின்றாரு. திருடன் ஒருத்தனும் மாட்டல, நான்தான் மாட்னேன். நாளைக்கு எங்க புள்ளைங்க அந்த வழியாத்தான இஸ்கூலுக்குப் போவணும்?"

பதில் சொல்ல யாரிடமும் வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு மீன் கழிவு போகவில்லை. எலி பிடிக்கவும் யாரும் போகவில்லை. அந்த வருஷம் அவர் நெல்லில் எலி வெட்டு எப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. ஒரு பாதுகாப்புக்கு நாய் வாங்கி, அதைவிடப் பெரிய பாதுகாப்பான அக்கம்பக்கத்தை இழந்தார். நாயைப் பிறகு பழக்கம் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது மெல்ல மெல்லப் பேச்சுவார்த்தை திரும்பியிருக்கிறது.

"அடுத்து என்ன நாய் வெக்கலாம் சார்?" என்று அவரே போன மாதம் என்னிடம் கேட்டார்.

நான் சொன்ன பதில்

ஆள் நடமாட்டம் உள்ள பாதையோரத் தோட்டம், சின்ன நிலம், ஆடு கோழி உண்டு என்றால் நாட்டு நாயே போதும். ஊருக்கு ஊர் கிடை போடும் கீதாரிகளைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கான ஆட்டைக் காக்க அவர்கள் பெரும்பாலும் பெயர் சொல்லாத நாட்டு நாயைத்தான் வைத்திருக்கிறார்கள். வெயில் தாங்கும், உண்ணிக் காய்ச்சலும் தோல் நோயும் ஒப்பீட்டளவில் குறைவு, மிச்சம் மீதிச் சோற்றில் வளரும்.

என்னிடம் இருப்பது குப்பத்தில் பிறந்த ஒரு செவலைப் பெட்டை. குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைத்தான் நாலைந்து நாள் பார்த்தேன். வலை பின்னும் இடத்தில் இத்தனை கால்களுக்கு நடுவே அமைதியாகப் படுத்திருந்தது. கருவாட்டில் வாய் வைக்கவில்லை. அந்தத் தாயின் குட்டியை நம்பி எடுத்தேன். இன்று புது ஆள் வந்தால் வீடு அதிரக் குரைக்கும். மீன்கார அம்மா வந்தால் வாலாட்டும்.

குறை இல்லாமல் இல்லை. நாட்டு நாய் ஊர் சுற்றும். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். ஊர் நாய்கள் மணலைத் தோண்டி முட்டையைத் தின்னும். அதனால் அந்த மாதங்களில் இரவில் வேலிக்குள் கட்டாயம் அடைத்துவிடுகிறேன்.

பாதையிலிருந்து தள்ளி, நல்ல வேலியோடு, பத்து ஏக்கர் தனி நிலம், நாய் பழக்கத் தெரிந்தவர், தினமும் நேரம் ஒதுக்க முடியும் என்றால் கோம்பையோ ராஜபாளையமோ தாராளமாக வளர்க்கலாம். வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எந்த முரட்டு இனத்தையும் நினைக்கவே வேண்டாம். ஆள் இல்லாத இடத்தில் சங்கிலியில் கிடக்கும் நாய் காவலும் காக்காது, மனதும் கெட்டுப்போகும்.

எந்த நாயானாலும்

* எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். விற்பதே 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு.
* மூன்றாவது வாரம் முதல் 12–14-ஆவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் 'சாதாரணம்' என்று ஏற்கும். அந்த நாட்களில் கோழி, ஆடு, குழந்தை, கூடை தூக்கியவர், வலை சுமந்தவர், சைக்கிள்காரர் எல்லோரையும் காட்டுங்கள். தூரத்தில் இருந்து, பயமுறுத்தாமல்.
* மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தேதியை உழவுக் கணக்கு நோட்டிலேயே எழுதிவையுங்கள்.
* கருத்தடை செய்துவிடுங்கள். ஊர் சுற்றலும் சண்டையும் குறையும்.
* பகல் முழுக்கச் சங்கிலி வேண்டாம். மிருகவதைத் தடைச் சட்டம் 1960 இதையும் குற்றம் என்கிறது. கட்டிய நாய்தான் கடிக்கப் பழகுகிறது.
* கேட்டுக்கு அடியில் ஒரு முழம் ஆழம் கல் பதியுங்கள். உயிர்வேலியின் அடியில் உள்ள இடைவெளியைக் குனிந்து நாய் உயரத்தில் இருந்து பாருங்கள்.
* மீன் அமிலம் ஊறும் பீப்பாயை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். மீன் கொடுத்தால் வேகவைத்துக் கொடுங்கள்.
* நம் கவனக்குறைவால் நாய் ஒருவரைக் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவும். முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி, இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். வெறிநோய் வந்தபின் பிழைப்பது அரிது. வருமுன் தடுப்பது நூற்றுக்கு நூறு நம் கையில்.

குட்டி வாங்க நினைக்கும் நண்பர்கள் அதற்கு முன் ஒரு வாரம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, வேலி ஓரம் உட்கார்ந்து, யார் யார் அந்த வழியாகப் போகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள். எந்த நாய் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்.